ஏழு பேரை இழந்த அணிக்கு ஏன் ஒரு தேர்வும் இல்லை? என்எஃப்எல் ஈட்டுத் தேர்வுகள் குறித்து

மார்ச் 11, 2025 – வாசகர் கேள்வி

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்-இல், ஃப்ரீ ஏஜென்ட்களை, அதாவது ஒப்பந்தம் இல்லாததால் எந்த அணிக்கும் போகக்கூடிய வீரர்களை, இழக்கும் அணிக்கு அடுத்த ஆண்டு டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) ஈட்டுத் தேர்வு, அதாவது இழப்புக்கு ஈடாகக் கூடுதலாக ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பின்தொடரும் அணியிலிருந்து சென்ற ஆண்டு ஏழு பேர் வெளியேறினார்கள். ஆனால் அந்த அணிக்கு ஒரு தேர்வும் இல்லை. மூன்று பேரை மட்டும் இழந்த வேறோர் அணிக்கு இரண்டு தேர்வுகள் கிடைத்திருக்கின்றன. இதில் என்ன நியாயம் இருக்கிறது?

மார்ச் 11, இரவு

போனவர்களை மட்டும் எண்ணியதால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கிறது. வந்தவர்களையும் எண்ண வேண்டும். ஓர் அணி இழந்த ஃப்ரீ ஏஜென்ட்களின் எண்ணிக்கை, அது வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட ஃப்ரீ ஏஜென்ட்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால்தான் ஈட்டுத் தேர்வுக்கு வழி பிறக்கிறது. வந்தவர் ஒவ்வொருவரும், தம் மதிப்புக்கு ஒத்த சுற்றில் நிற்கும் போனவர் ஒருவரைக் கணக்கிலிருந்து அடித்துவிடுகிறார். அடிபடாமல் எஞ்சி நிற்பவர்களுக்கே தேர்வு உண்டு. அவை மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை, ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் வைக்கப்படுகின்றன. ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு. எல்லா அணிகளுக்கும் சேர்த்து 32.

உங்கள் ஏழு பேரின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரும் எப்படி வெளியேறினார் என்பதையும் அருகில் குறித்து அனுப்புங்கள். வெளியேறிய விதத்தில்தான் பாதி விடை இருக்கிறது.

மார்ச் 12

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, 32 என்ற வரம்பு சூத்திரத்தின்படி தரப்படும் தேர்வுகளுக்கு மட்டுமே பொருந்தும். சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த பயிற்சியாளரையோ நிர்வாகியையோ வளர்த்து, அவர் வேறோர் அணியின் தலைமைப் பயிற்சியாளராகவோ பொது மேலாளராகவோ செல்லும்போது, இழக்கும் அணிக்கு மூன்றாம் சுற்றின் இறுதியில் ஒரு தேர்வு வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தரும் விதியை 2020 நவம்பரில் கொண்டுவந்தார்கள். இவை 32-க்கு மேற்பட்டவை. 2021 ஜனவரியில் டேவிட் கல்லி ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானபோது பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு அப்படித்தான் கிடைத்தது. அதே மாதத்தில் ராபர்ட் சலே, மார்ட்டின் மேஹ்யூ ஆகிய இருவரையும் இழந்த சான்பிரான்சிஸ்கோ அணிக்கு மூன்று ஆண்டுகளுக்குக் கிடைத்தது. கல்லியை ஒரே பருவத்தில் டெக்ஸன்ஸ் அனுப்பிவிட்டது. ஆனாலும் ரேவன்ஸின் இரண்டாவது தேர்வு கைவிட்டுப் போகவில்லை.

இரண்டாவது, எண்ணிக்கை சமமாக இருந்தாலும் போனவர்களின் மதிப்பு வந்தவர்களின் மதிப்பைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தால், ஏழாம் சுற்றின் கடைசியில் ஒரு தேர்வு கிடைக்க வாய்ப்பு உண்டு. 'எண்ணிக்கை அதிகமாக இருந்தால்தான்' என்று நேற்று நான் அழுத்தி எழுதியது முழுச் சரியல்ல.

மார்ச் 14

கேட்டவர் தம் ஏழு பேரின் பட்டியலை அனுப்பியிருக்கிறார். இருவரை அணியே ஒப்பந்தம் முடியும் முன் வெட்டிவிட்டது. ஒருவர் கைமாற்றாக, அதாவது டிரேடில் போனவர். இவர்கள் மூவரும் கணக்கில் நுழைவதே இல்லை; ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிந்து, கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஏஜென்டாக வெளியேறியவர் மட்டுமே எண்ணப்படுவார். இன்னும் இருவர் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய ஒப்பந்தத்தில் போனவர்கள். அவர்களின் மதிப்பு வரம்பைத் தொடவில்லை. மீதி இருவரை, அதே வசந்தத்தில் அந்த அணி வெளியிலிருந்து எடுத்த இருவர் அடித்துவிட்டார்கள். ஏழு, நான்காகி, இரண்டாகி, பூஜ்யமானது இப்படித்தான்.

வெட்டப்பட்டவர் கணக்கில் வரமாட்டார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமானால் பேட்டன் மேனிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2012 மார்ச்சில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அவரை விடுவித்தது. அவர் டென்வருக்குப் போனார். விளையாட்டின் தலைசிறந்த குவாட்டர்பேக்குகளில் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்களில்) ஒருவரை இழந்ததற்காக கோல்ட்ஸுக்கு ஏழாம் சுற்றில்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 15

ஒரு வீரரின் மதிப்பை எப்படி அளக்கிறார்கள் என்று இன்னொருவர் கேட்கிறார். மூன்று கூறுகள் உள்ளன: புதிய ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிச் சம்பளம், புதிய அணியில் அவர் ஆடிய நேரம், பருவ முடிவில் கிடைத்த விருது போன்ற சிறப்புகள். இவற்றுள் சம்பளத்தின் எடை மிகப் பெரிது. லீகில் உள்ள எல்லா வீரர்களையும் இந்த மதிப்பின்படி வரிசைப்படுத்தி, முதல் 5 சதவீதத்துக்குள் வருபவரை மூன்றாம் சுற்றுக்கு உரியவராகக் கொள்கிறார்கள். 35 சதவீதத்துக்குக் கீழே போனால் அவருக்கு மதிப்பே இல்லை. நெடுங்காலம் இந்தச் சூத்திரத்தை லீக் வெளியே சொல்லாமலே வைத்திருந்தது. ரசிகர்கள் சிலர் பல ஆண்டுப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். யார் போனார், யார் வந்தார் என்று லீக் அறிவிக்குமே தவிர, எந்தத் தேர்வு எந்த வீரருக்கானது என்று சொல்லாது. அதை நாமேதான் பொருத்திக்கொள்ள வேண்டும்.

மார்ச் 18

இந்தக் கணக்கின்மீது எனக்கு ஏன் இவ்வளவு பற்று என்று கேட்டால் 2013-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பால்டிமோருக்குத் தெற்கே குடியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் பிப்ரவரியில் ரேவன்ஸ் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. ஊரே அணியின் ஊதா நிறத்தில் திரிந்தது. மார்ச் பிறந்ததும் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். பால் க்ரூகர் 5 ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் என்று கிளீவ்லாந்துக்கும், டானெல் எலர்பி மயாமிக்கும், கேரி வில்லியம்ஸ் பிலடெல்பியாவுக்கும், பதினொரு பருவங்கள் இங்கேயே ஆடிய எட் ரீட் ஹூஸ்டனுக்கும் போனார்கள். ஆன்குவான் போல்டினை ஆறாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்காக சான்பிரான்சிஸ்கோவுக்குக் கைமாற்றினார்கள். ஜோ ஃப்ளாக்கோவுக்கு 6 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்த பிறகு, சம்பள உச்சவரம்புக்குள் மற்றவர்களுக்கு இடம் இருக்கவில்லை. வென்ற அணியைப் பிரித்து விற்கிறார்கள் என்று அலுவலகத்தில் எல்லோரும் கொதித்தார்கள், நானும் கொதித்தேன்.

அப்போது பொது மேலாளராக இருந்த ஆஸி நியூசம் யாரையெல்லாம் எடுத்தார் என்று பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது. கிறிஸ் கான்டி, நியூயார்க் ஜயன்ட்ஸ் விடுவித்தவர். மார்கஸ் ஸ்பியர்ஸ், டல்லாஸ் விடுவித்தவர். மைக்கேல் ஹஃப், ஓக்லாந்து விடுவித்தவர். எல்விஸ் டூமர்வில் டென்வரில் சம்பளக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டிருந்தார். அந்தத் தாள் ஃபேக்ஸில் கெடுவுக்குச் சில நிமிடங்கள் பிந்தி வந்து சேர்ந்ததால் அவரையும் விடுவிக்க வேண்டியதாயிற்று. நால்வரும் வெட்டப்பட்டவர்கள், அதனால் நால்வரும் கணக்கில் இல்லாதவர்கள். ஜாக்சன்வில்லில் ஒப்பந்தம் முடிந்து காத்திருந்த லைன்பேக்கர் டேரில் ஸ்மித் மட்டும் கணக்கில் சேரக்கூடியவர். அவரை எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள்: அந்த நாளில் கணக்கில் சேர்வதற்கான கெடு ஜூன் 1, அதற்குப் பின் கையெழுத்திடுபவர் எண்ணப்படமாட்டார்; ஸ்மித் கையெழுத்திட்டது அது கடந்த சில நாட்களில். அந்தப் பருவத்தில் அணியிலேயே மிக அதிகமான டாக்கிள்களை (எதிரணியினரை மடக்கி வீழ்த்துவதை) செய்தவர் அவர்தான்.

ஆக, போனவர் பக்கத்தில் நான்கு பெயர்கள் நின்றன. வந்தவர் பக்கம் வெறுமையாக இருந்தது. 2014 டிராஃப்டில் ரேவன்ஸுக்கு உச்ச வரம்பான நான்கு ஈட்டுத் தேர்வுகளும் கிடைத்தன: மூன்றாம் சுற்றில் 99, நான்காம் சுற்றில் 134-உம் 138-உம், ஐந்தாம் சுற்றில் 175. அந்த 175-இல் எடுக்கப்பட்டவர் தாக்குதல் வரிசையில் கார்டு என்ற இடத்தில் ஆடிய ஜான் அர்ஷல். ஆடிக்கொண்டிருக்கும்போதே எம்ஐடியில் கணித ஆய்வுப் படிப்பைத் தொடங்கி, 2017-இல் ஆட்டத்திலிருந்து விலகி, முனைவர் பட்டம் பெற்று, இன்று அங்கேயே கணிதப் பேராசிரியராக இருப்பவர். என் கணக்கின்படி அது எட் ரீட் போனதற்கான தேர்வு. அந்த நாளில் ஒரு ஏடு வாங்கிக் கோடு போட்டு, இடப்பக்கம் போனவர், வலப்பக்கம் வந்தவர் என்று எழுதத் தொடங்கினேன். இன்று வரை ஒவ்வொரு மார்ச்சிலும் எழுதுகிறேன்.

மார்ச் 19

மேலே சொன்னதில் ஒன்று விடுபட்டது. ஒரு வீரர் புதிய அணியில் பருவத்தின் பத்தாவது வாரத்துக்கு முன் வெட்டப்பட்டால் அவர் கணக்கிலிருந்து நீங்கிவிடுவார். ரீடை ஹூஸ்டன் விடுவித்தது 2013 நவம்பர் 12, பத்தாவது வாரத்து ஆட்டங்கள் முடிந்த மறுநாள். ஒரு வாரம் முன்னால் அது நடந்திருந்தால், 175 என்ற எண் வேறு அணிக்குப் போயிருக்கும்.

போல்டினுக்கு ஈட்டுத் தேர்வு வரும் என்று அந்தக் கோடையில் அலுவலகத்தில் அடித்துப் பேசியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைமாற்று கணக்கில் சேராது என்பதை மறு மார்ச்சில்தான் கற்றேன்.

மார்ச் 23

'இது கெட்டிக்காரத்தனம் என்றால், வென்றார்களா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2013-இல் ரேவன்ஸ் 8 வெற்றி, 8 தோல்வி, பிளேஆஃபுக்கே போகவில்லை. நான்கு தேர்வுகளும் மறு ஆண்டுக்கு உரியவை என்பதால் அந்த ஆண்டின் ஓட்டையை அவை அடைக்கவில்லை. டூமர்வில் 2014-இல் 17 சாக் எடுத்து (எதிரணி குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தி) அணியின் சாதனையைப் படைத்தார் என்பது உண்மை. ஆனால் அது ஈட்டுத் தேர்வின் பலன் அல்ல. மூன்றாம் சுற்றின் இறுதியில் கிடைக்கும் தேர்வு எப்போதும் சாத்தியக்கூறு மட்டுமே. சாத்தியக்கூறுகளை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே இருப்பதுதான் நியூசமின் முறை. 1994-இல் இந்தத் தேர்வுகள் முதன்முதலில் வழங்கப்பட்டன. ரேவன்ஸ் அணி 1996-இல்தான் பால்டிமோருக்கு வந்தது. அப்படியிருந்தும் மொத்த எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்பது அவர்கள்தான்.

மார்ச் 24

புகழ்பெற்ற குவாட்டர்பேக் டாம் பிரேடியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்களுக்கு: ஆம், 2000-ஆம் ஆண்டு ஆறாம் சுற்றில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அவரை எடுத்த 199 என்ற எண் ஈட்டுத் தேர்வுதான். டாக் பிரெஸ்காட்டின் 135-உம் (2016), டிராஃப்டின் கடைசி எண்ணான பிராக் பர்டியின் 262-உம் (2022) அப்படியே. பிரேடியின் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து அவர் டாம்பா பேவுக்குப் போனார். 2021-இல் பேட்ரியாட்ஸுக்கு மூன்றாம் சுற்றில் 96-ஆம் எண் ஈட்டுத் தேர்வாக வந்தது. அது பிரேடிக்கானது என்றே கணக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் பொருத்துகிறார்கள். அதில் எடுக்கப்பட்ட ரானி பெர்கின்ஸ் அங்கே நிலைக்கவில்லை.

இந்தத் தேர்வுகளைக் கைமாற்றக் கூடாது என்று முன்பு தடை இருந்தது. 2017 டிராஃப்ட் முதல் அது நீங்கியது. கர்க் கசின்ஸ் 2018-இல் மினசோட்டாவுக்குப் போனதால் வாஷிங்டனுக்கு 2019-இல் கிடைத்த 96-ஆம் எண்ணை, வாஷிங்டன் பஃபலோவுக்குக் கைமாற்றியது. டைட் எண்ட் டாசன் நாக்ஸ் பஃபலோவுக்கு வந்தது அந்த வழியில்தான்.

ஏப்ரல் 6

இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். இடையில் என் அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரைச் சந்தித்தேன். சிறுவயதில் தம் தந்தையோடு மெமோரியல் ஸ்டேடியத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ் ஆட்டங்களைப் பார்த்தவர். என் ஏட்டைக் காட்டினேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, 'ரோசல் விதி என்று ஒன்று இருந்தது, தெரியுமா?' என்று கேட்டார். தெரியும், ஆனால் அதை என் ஏட்டோடு சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

1962-இல் ஆர். சி. ஓவன்ஸ் என்ற ரிசீவர், சான்பிரான்சிஸ்கோவில் தம் ஒப்பந்தம் முடிந்தபின் இதே பால்டிமோருக்கு வந்து சேர்ந்தார். அணி உரிமையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு ஆணையர் பீட் ரோசல் பெயரில் ஒரு விதி வந்தது: ஒப்பந்தம் முடிந்த வீரரை எடுக்கும் அணி, இழந்த அணிக்கு ஈடு தர வேண்டும், இரு அணிகளும் உடன்படாவிட்டால், என்ன ஈடு என்பதை ஆணையரே தீர்மானிப்பார். எடுத்தால் என்ன பறிபோகும் என்று தெரியாதபோது யார் எடுப்பார்கள்? பெயருக்குச் சுதந்திரமாக இருந்த வீரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அந்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் பால்டிமோர் கோல்ட்ஸின் டைட் எண்ட் ஜான் மாக்கி, ஐந்தாவது சூப்பர் பௌலில் 75 யார்டு பாஸைப் பிடித்து டச்டவுன் எடுத்தவர். வீரர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றது. ஆனாலும் உண்மையான ஃப்ரீ ஏஜென்சி 1993-இல்தான் வந்தது. அந்த உடன்பாட்டோடு சேர்ந்து வந்ததுதான் இன்றைய ஈட்டுத் தேர்வு.

எடுக்கும் அணியிடமிருந்து எதையும் பிடுங்காமல், லீகே பொதுவிலிருந்து ஈடு தருகிறது என்பதால் இது பழைய விதிக்கு நேர்மாறானது என்று நான் அவரிடம் வாதாடினேன். அவர் என் ஏட்டின் 2013-ஆம் பக்கத்தைத் திருப்பி, டேரில் ஸ்மித் பெயருக்கு எதிரே நான் சிவப்பு மையில் எழுதியிருந்த தேதியைச் சுட்டிக்காட்டினார். 'மார்ச்சிலிருந்து ஜூன் வரை அவர் வீட்டில் உட்கார்ந்து எதற்காகக் காத்திருந்தார்?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 9

அவர் கேட்டதை மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18 அன்று நான் பெருமையோடு எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் உள்ள எந்தத் தகவலும் தவறல்ல; ஆனால் முழுவதும் அணியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய, ஒப்பந்தம் முடிந்த, நடுத்தரச் சம்பளம் கேட்கும் ஒரு வீரரின் பக்கத்திலிருந்து அதே கணக்கைப் பாருங்கள். தன் வீரர்களை இழந்து ஈட்டுத் தேர்வுக்குக் காத்திருக்கும் அணி இவரை மார்ச்சில் எடுத்தால், இவருக்கு இணையான ஒருவர் கணக்கிலிருந்து அடிபட்டு ஒரு தேர்வு பறிபோகும். இவருடைய உண்மையான விலை சம்பளமும் அந்தத் தேர்வும் சேர்ந்தது. அதே திறமையுள்ள, ஆனால் வெட்டப்பட்ட இன்னொருவருக்கு அந்தக் கூடுதல் விலை கிடையாது. ஒப்பந்தத்தை முழுதாக ஆடி முடித்ததே இவருக்குப் பாதகமாகிறது. ரோசல் விதியில் ஈடு வெளிப்படையாகப் பறிக்கப்பட்டது. இங்கே எடுக்கும் அணி தனக்கு வரவேண்டியதைத் தானே இழக்கிறது. அளவு மிகச் சிறியது. ஆனால் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பெரிய நட்சத்திரங்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒப்பந்தச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் அவர்கள் கையெழுத்திட்டுவிடுவார்கள். சுமை விழுவது நடுவில் இருப்பவர்கள்மீதுதான்.

ஏப்ரல் 10

'அப்படியானால் ஈட்டுத் தேர்வையே ஒழித்துவிட வேண்டுமா?' என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றே நினைக்கிறேன். தான் வளர்த்த வீரரைத் தக்கவைக்க இயலாத அணிக்கு ஏதோ ஒன்று கிடைப்பது சரி. கெடுவை முன்னால் நகர்த்துவதுதான் நல்ல வழி. ஜூன் 1 என்று இருந்ததை முதலில் மே நடுப்பகுதிக்கு இழுத்தார்கள். இப்போது டிராஃப்ட் முடிந்த திங்கட்கிழமை மாலை 4 மணி. ஒவ்வொரு முறை நகர்த்தியபோதும் சில வீரர்களுக்குச் சில வாரங்கள் திரும்பக் கிடைத்தன. டிராஃப்டுக்கு முன்பே அந்தக் கெடு முடிந்துவிட்டால் இன்னும் நல்லது. ஏனெனில் இப்போது உள்ள முறையில், காத்திருக்கும் வீரரின் இடத்துக்கு டிராஃப்டிலேயே ஓர் இளைஞர் வந்துவிடுகிறார். கெடு முடியும்போது அந்த அணியில் அவருக்கு இடமே இருப்பதில்லை.

ஏப்ரல் 28, 2025, திங்கள் மாலை

கிரீன் பேயில் டிராஃப்ட் சனிக்கிழமை முடிந்தது. இன்று மாலை 4 மணியோடு இந்த ஆண்டின் கணக்கு மூடப்பட்டது. இனி கையெழுத்திடும் எவரும் 2026-இன் ஈட்டுத் தேர்வுகளைப் பாதிக்கமாட்டார்கள். ஏட்டில் வழக்கம்போல் இடமும் வலமும் கூட்டிவிட்டேன். இந்த முறை மூன்றாவதாக ஒரு பத்தியும் போட்டிருக்கிறேன். ஒப்பந்தம் முடிந்து, இன்று மாலை வரை எந்த அணியும் எடுக்காத, முப்பதைத் தாண்டிய வீரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்களில் யார் யார் நாளை முதல் எந்தத் தேதியில் கையெழுத்திடுகிறார்கள் என்பதை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதிக்கொண்டு வருவேன். பெரியவர் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மே மாத இறுதியில் எடுத்துப் போகிறேன்.